‘வாயைக் கட்டினா தொப்பை குறையும்’ - இந்த அறிவுரை ஏன் பாதி உண்மைதான்? கொழுப்பு, எதிர்ப்பு சக்தி, மூளை: மூன்றும் பேசிக்கொள்வது என்ன?

“வாயைக் கொஞ்சம் கட்டுப்பா... தொப்பை தானா குறையும்.”

கல்யாணப் பந்தியில், ஆபீஸ் கேன்டீனில், டாக்டர் அறையில், சொந்தக்காரர் வீட்டுக் கூடத்தில் என்று எங்கே போனாலும் இலவசமாகக் கிடைக்கும் அறிவுரை இது. சொல்பவர் அக்கறையோடுதான் சொல்கிறார். கேட்பவரும் தலையாட்டுகிறார். ‘திங்கட்கிழமையிலிருந்து டயட்’ என்று மனசுக்குள் சபதம். மூன்றாவது வாரம் பழையபடி ராத்திரி 11 மணிக்குப் பரோட்டா ஆர்டர் ஆகிறது. அப்புறம் குற்ற உணர்ச்சி. கடைசியில், ‘எனக்கு மனக்கட்டுப்பாடே இல்ல’ என்ற முடிவு.

இந்த அறிவுரைக்கு அடியில் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. கொழுப்பு என்பது மூட்டை அடுக்கி வைத்த குடோன் மாதிரி. அதிகம் சாப்பிட்டால் மூட்டை ஏறும், குறைத்தால் இறங்கும். குடோனுக்கென்று சொந்த புத்தி எதுவும் கிடையாது என்பதுதான் அது.

கடந்த 30 ஆண்டுகளில் வந்த ஆராய்ச்சிகள் இந்த நம்பிக்கையைப் புரட்டிப் போட்டுவிட்டன. கொழுப்புத் திசு ஓர் உறுப்பு. ஹார்மோன் சுரக்கிறது. நோய் எதிர்ப்பு செல்களுக்குக் குடியிருப்பாக இருக்கிறது. ‘பசிக்கிறதா, போதுமா’ என்று மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. இத்தனை தெரிந்த பிறகும் பழைய அறிவுரையையே திரும்பத் திரும்பச் சொல்வது, உதவி தேவைப்படுகிறவரை வெட்கப்பட வைத்து டாக்டரிடம் போகவிடாமல் தடுக்கிறது. ஒல்லியாக இருப்பவருக்கோ, ‘உனக்கென்ன குறை’ என்று பொய்யான நிம்மதியைக் கொடுக்கிறது. இரண்டுமே ஆபத்துதான்.

ஒரே பி.எம்.ஐ., இரண்டு விதமான உடம்பு

முதலில் ஒல்லியானவர்களின் கதை. 2004-ல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஒரு படம் வெளியானது. படத்தில் இரண்டு ஆய்வாளர்கள். ஒருவர் புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக். இன்னொருவர் லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கின். உயரத்தையும் எடையையும் வைத்துக் கணக்கிடும் பி.எம்.ஐ. இருவருக்கும் ஒன்றுதான்: 22.3. எந்த ஹெல்த் செக்-அப் போனாலும் ‘நார்மல்’ என்று டிக் அடித்து அனுப்பிவிடுவார்கள்.

ஆனால் ஸ்கேன் வேறு கதை சொன்னது. யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம். யாஜ்னிக் உடம்பில் 21.2 சதவீதம். இரண்டு மடங்குக்கும் அதிகம்! இருவர் பெயரும் ‘ஒய்’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்குவதால் இது ‘ஒய்-ஒய் முரண்’ என்று மருத்துவ உலகில் பிரபலமாகிவிட்டது.

இந்த வித்தியாசம் பிறக்கும்போதே தொடங்கிவிடுகிறது. யாஜ்னிக் குழு புனே கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் பிறந்த குழந்தைகளோடு ஒப்பிட்டது. புனே குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. எடை இவ்வளவு குறைந்தும், தோலுக்கு அடியிலிருந்த கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. குறைந்தது தசை. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு.

இந்தியர்களுக்கு பி.எம்.ஐ. 23 தொட்டாலே கூடுதல் எடை, 25 என்றால் உடல் பருமன் என்று வரையறையை மாற்றியது இதுபோன்ற காரணங்களால்தான். ஐ.சி.எம்.ஆர். ஆதரவில், சென்னையின் ‘மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை’ ஒருங்கிணைத்த நாடு தழுவிய ஆய்வின் முடிவு 2023-ல் வந்தது. பி.எம்.ஐ. கணக்குப்படி உடல் பருமன் உள்ளவர்கள் 28.6 சதவீதம். வயிற்றுச் சுற்றளவைக் கணக்கில் எடுத்தாலோ 39.5 சதவீதம்! எடை மிஷின் மட்டும் பார்த்தால் கோட்டைவிடும் கூட்டம் எவ்வளவு பெரியது என்பதற்கு இந்த இடைவெளியே சாட்சி.

எலிகள் அவிழ்த்த முடிச்சு

கொழுப்புக்கும் மூளைக்கும் பேச்சுவார்த்தை உண்டு என்பது எப்படித் தெரிந்தது?

1949-ல் அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தில் ஒரு குண்டு எலி பிறந்தது. எவ்வளவு தின்றாலும் அதற்குப் பசி அடங்காது. பின்னாளில் இன்னொரு வகைக் குண்டு எலியும் அங்கே கிடைத்தது. பார்க்க இரண்டும் ஒன்று போலவே இருந்தன. டக்ளஸ் கோல்மன் என்ற விஞ்ஞானி இந்த எலிகளை ஜோடி ஜோடியாக, ரத்தம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்படி அறுவை சிகிச்சை மூலம் இணைத்துப் பார்த்தார்.

முதல் வகைக் குண்டு எலியைச் சாதாரண எலியோடு இணைத்தபோது, குண்டு எலி அளவாகத் தின்ன ஆரம்பித்தது; இளைத்தது. இரண்டாம் வகைக் குண்டு எலியைச் சாதாரண எலியோடு இணைத்தபோது நடந்ததோ நேர்மாறு: சாதாரண எலி சாப்பாட்டையே நிறுத்திவிட்டுப் பட்டினியில் செத்தது.

கோல்மன் போட்ட கணக்கு இதுதான். ‘போதும்’ என்ற செய்தி ரத்தத்தின் வழியே போகிறது. முதல் எலிக்கு அந்தச் செய்தியை அனுப்பத் தெரியவில்லை. இரண்டாம் எலி மலைமலையாக அனுப்புகிறது. ஆனால் அதன் மூளைக்குக் காது கேட்கவில்லை.

அந்தச் செய்தி எது என்பதை 1994-ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மேன் குழு கண்டுபிடித்தது. பெயர் லெப்டின். சுரப்பது எது தெரியுமா? ‘வெறும் குடோன்’ என்று நினைத்திருந்த அதே கொழுப்பு செல்!

ஒரு ஹார்மோன், இரண்டு வேலை

எலிக்குச் சரி, மனிதருக்கு? 1997-ல் கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள், பாகிஸ்தான் பூர்விகக் குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். இருவரும் ஒன்றுவிட்ட உறவு. 8 வயதுச் சிறுமியின் எடை 86 கிலோ. 2 வயதுப் பையன் 29 கிலோ. எந்நேரமும் பசி. இருவர் உடம்பிலும் லெப்டினை உருவாக்கும் மரபணுவில் பழுது. லெப்டின் ஊசி போட ஆரம்பித்ததும் அடங்காத பசி அடங்கியது, எடை இறங்கியது. அதுவரை ‘பெற்றோர் அளவில்லாமல் ஊட்டுகிறார்கள்’ என்று நினைத்தவர்களுக்கு அந்த ஊசிதான் பதில் சொன்னது.

கதை அங்கேயே முடியவில்லை. லெப்டின் இல்லாத குழந்தைகளுக்கு நோய் எதிர்ப்பு மண்டலத்தின் முக்கியப் படையான டி-செல்களும் குறைவாக இருந்தன. இருந்தவையும் சரியாக வேலை செய்யவில்லை. லெப்டின் கொடுத்ததும் அதுவும் சரியானது.

பட்டினி கிடப்பவர்கள் ஏன் சட்டென்று தொற்று நோய்க்கு ஆளாகிறார்கள் என்பதற்கான ஒரு விடையும் இதில் இருக்கிறது. உடம்பில் கொழுப்பு கரைந்தால் லெப்டின் குறையும். லெப்டின் குறைந்தால் மூளைக்குப் பசி கூடும். எதிர்ப்புப் படை ஆள்குறைப்பு செய்யும். ‘கையிருப்பு காலி, செலவைக் குறை’ என்று உடம்பு எடுக்கும் முடிவு அது.

அப்படியென்றால் பருமனாக இருக்கும் எல்லோருக்கும் லெப்டின் ஊசி போட்டால் போதுமே? மருந்து நிறுவனங்களும் அப்படித்தான் ஆசைப்பட்டன, பலிக்கவில்லை. காரணம், பருமனாக இருக்கும் பெரும்பாலானவர்களுக்கு லெப்டின் ஏற்கெனவே அதிகமாகவே இருக்கிறது. கொழுப்பு ‘போதும், போதும்’ என்று கத்துகிறது, மூளைதான் கேட்கவில்லை. கோல்மனின் இரண்டாம் எலி மாதிரி.

மூளைக்கு ஏன் காது மந்தமாகிறது? இங்கேதான் எதிர்ப்பு மண்டலம் மறுபடி வருகிறது.

அணையாத தணல்

ஒரு கொழுப்பு செல் அளவுக்கு மீறி உப்பும்போது அதற்கு ஆக்சிஜன் போதவில்லை, திணறுகிறது, சில செல்கள் செத்தும் போகின்றன. செத்ததை அப்புறப்படுத்த மேக்ரோபேஜ் எனப்படும் விழுங்கி செல்கள் ஓடி வருகின்றன. 2003-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதை எண்ணியே பார்த்தார்கள். மெலிந்த உடம்பின் கொழுப்புத் திசுவில் 10 சதவீதம் அளவுக்கு இருக்கும் இந்த செல்கள், பருமன் கூடக்கூட 40 சதவீதத்துக்கும் மேலே போகின்றன.

வந்தவை சும்மா இருப்பதில்லை. டி.என்.எஃப்., இன்டர்லூகின்-6 போன்ற அபாயச் சங்குகளை ஊதுகின்றன. காலில் முள் குத்தினால் வீங்கிச் சிவந்து, நாலு நாளில் ஆறிவிடும். அந்த அழற்சிக்கு முடிவு உண்டு. கொழுப்புக்குள் நடக்கும் அழற்சியோ சாம்பலுக்குள் இருக்கும் தணல் மாதிரி. காய்ச்சல் வராது, வலி தெரியாது. ஆனால் அணையவும் அணையாது. இந்தச் சங்குச் சத்தம் இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது என்பதை 1993-லேயே ஹார்வர்டு ஆய்வாளர்கள் எலிகளில் காட்டிவிட்டார்கள். சர்க்கரை நோய்க்குப் போகும் பாதையில் இது ஒரு முக்கியத் திருப்பம்.

எல்லாக் கொழுப்பும் ஒரே மாதிரி கெட்டதல்ல என்பதும் முக்கியம். தொடையிலும் இடுப்பிலும் தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு கொஞ்சம் சாது. குடலையும் கல்லீரலையும் சுற்றிக் குவியும் கொழுப்புதான் அதிகம் சங்கு ஊதும். மெலிந்த கை கால்களோடு தொப்பை மட்டும் முன்னால் வருபவர்கள் ‘நான் ஒல்லிதானே’ என்று அலட்சியமாக இருக்கக் கூடாது என்பது இதனால்தான்.

மூளைக்குள் புகை

பசியையும் எடையையும் கவனித்துக்கொள்வது மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ். கொழுப்பு மிகுந்த உணவு கொடுத்த எலிகளின் ஹைப்போதலாமஸில் அழற்சி ஏற்படுவதை 2005-ல் பிரேசில் விஞ்ஞானிகள் கண்டார்கள். 2012-ல் வந்த அமெரிக்க ஆய்வு இன்னும் அதிர்ச்சி தந்தது. எலிகளுக்கு எடை கூடுவதற்கு முன்பே, உணவை மாற்றிய ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் அந்த அழற்சி தொடங்கிவிட்டது. பருமனான மனிதர்களின் எம்.ஆர்.ஐ. ஸ்கேனிலும் அதே பகுதியில் தழும்பு போன்ற அறிகுறிகள் தெரிந்தன. எலியில் பார்த்த எல்லாமே மனிதருக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால், ‘போதும்’ என்பதைக் கேட்க வேண்டிய இடத்திலேயே புகை மூட்டம் இருந்தால், மனக்கட்டுப்பாட்டை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

மனநிலைக்கும் இதில் பங்கு உண்டு. காய்ச்சல் வந்த நாளில் எதிலும் நாட்டம் இல்லாமல், யாரோடும் பேசப் பிடிக்காமல், சுருண்டு படுக்கத் தோன்றுமே... அது கிருமி செய்யும் வேலை மட்டும் அல்ல. எதிர்ப்பு மண்டலம் மூளைக்கு அனுப்பும் ‘ஓய்வெடு’ என்ற உத்தரவும்கூட. முன்பு ஹெபடைடிஸ்-சி நோய்க்கு இன்டர்ஃபெரான் என்ற எதிர்ப்பு மண்டலப் புரதத்தை ஊசியாகப் போட்டபோது, கணிசமான நோயாளிகளுக்கு மனச்சோர்வு நோயே வந்தது.

2013-ல் அமெரிக்காவின் எமோரி பல்கலைக்கழகம் இதைத் தலைகீழாகச் சோதித்தது. மருந்துக்குக் கட்டுப்படாத மனச்சோர்வு உள்ள 60 பேரில் ஒரு பாதிக்கு டி.என்.எஃப்.-ஐத் தடுக்கும் மருந்து, மறு பாதிக்கு வெற்று மருந்து. மொத்தமாகப் பார்த்தால் மருந்துக்குத் தனிப் பலன் இல்லை. ஆனால் ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவு அதிகமாக இருந்தவர்களுக்கு மட்டும் முன்னேற்றம் தெரிந்தது. மனச்சோர்வு எல்லாமே அழற்சியால் வருவதல்ல. ஆனால் சிலருக்கு அது உடம்புக்குள் புகையும் தணலோடு தொடர்புடையது. தொப்பையைக் கிண்டல் செய்யும் ஒவ்வொரு முறையும், ஏற்கெனவே சோர்ந்திருக்கும் ஒருவரை இன்னும் அழுத்துகிறோமோ என்று யோசிக்க இது போதாதா?

இளைத்த பிறகும் மறக்காத உடம்பு

“அந்த ஹீரோ மூணு மாசத்துல இளைச்சாரே?” இளைப்பது ஒரு போர், இளைத்ததைக் காப்பாற்றுவது அதைவிடப் பெரிய போர்.

அமெரிக்காவில் ‘தி பிக்கெஸ்ட் லூசர்’ என்று எடைக் குறைப்பு டி.வி. போட்டி நடந்தது. அதில் கலந்துகொண்ட 14 பேரை 6 ஆண்டுகள் கழித்து ஆய்வு செய்து 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். சராசரியாக 58 கிலோ குறைத்தவர்கள், 41 கிலோவைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். அவர்களின் உடம்பு சும்மா இருக்கும்போது எரிக்கும் சக்தி, எதிர்பார்க்கும் அளவைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவு! ஒரு வேளைச் சாப்பாட்டின் அளவு அது. உடம்பு பட்டினி என்று நினைத்துச் செலவைச் சுருக்கியிருந்தது.

ஸ்வீடனில் 2008-ல் வந்த ஆய்வு, பெரியவர்களின் உடம்பில் கொழுப்பு செல்களின் எண்ணிக்கை கிட்டத்தட்ட மாறுவதில்லை என்றது. இளைத்தால் செல்கள் சுருங்கும், எண்ணிக்கை குறையாது. 2024-ல் சூரிச் விஞ்ஞானிகள், எடை குறைந்த பிறகும் கொழுப்பு செல்களின் மரபணுக்கள் மேல் பழைய பருமனின் அடையாளங்கள் ஒட்டிக்கொண்டிருப்பதைக் காட்டினார்கள். உடம்புக்கும் நினைவாற்றல் உண்டு.

அப்போ எதுவுமே செய்ய வேண்டாமா?

“எல்லாம் ஹார்மோன் செய்ற வேலை, நான் என்ன பண்ண?” என்று பிரியாணியில் இறங்கிவிடலாமா? கூடாது. அறிவியல் காட்டுவது கையைக் கட்டிக்கொள்ளும் பாதையை அல்ல. குறி எங்கே வைக்க வேண்டும் என்பதை.

சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழு நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006-ல் வெளியானது. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேர் அதில் பங்கேற்றார்கள். நடைப்பயிற்சி, உணவு மாற்றம் என்று வாழ்க்கை முறையை மாற்றியவர்களுக்கு நோய் வரும் ஆபத்து 28.5 சதவீதம் குறைந்தது. இதில் கவனிக்க வேண்டியது, அவர்களின் எடை பெரிதாகக் குறையவில்லை என்பதே. எடை மிஷினில் முள் நகரவில்லை என்பதற்காக நடையை நிறுத்துபவர்கள் இதை ஒரு முறை படிக்க வேண்டும். தசை வேலை செய்தாலே உள்ளே இருக்கும் தணல் தணிய ஆரம்பிக்கிறது.

அடுத்தது தூக்கம். 2004-ல் சிகாகோவில் 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் 4 மணி நேரம் மட்டுமே தூங்கவிட்டார்கள். லெப்டின் 18 சதவீதம் இறங்கியது. பசியைத் தூண்டும் கிரெலின் 28 சதவீதம் ஏறியது. வெறும் இரண்டே இரவு! வெளிநாட்டு நேரத்துக்கு வேலை பார்த்து, ராத்திரி 1 மணிக்குக் கால் முடித்து, காலை 9 மணிக்கு மறுபடி ஸ்டாண்ட்-அப் மீட்டிங்கில் உட்காரும் ஊழியருக்கு ராத்திரி பரோட்டா மேல் வரும் ஆசை, அவருடைய ஒழுக்கக் குறைபாடு அல்ல. அந்த ஷிப்ட்டைப் போட்ட நிறுவனம்தான் ‘10 ஆயிரம் அடி நடந்தால் பரிசு’ என்று போட்டியும் வைக்கிறது. பரிசுக்குச் செலவழிப்பதற்கு முன், இரண்டு ஷிப்ட்டுக்கு நடுவே ஒழுங்கான தூக்கத்துக்கு இடம் விடுவதே நியாயம்.

ஊசி பாவமும் அல்ல, மந்திரமும் அல்ல

2025 முதல் இந்தியச் சந்தையில் எடைக் குறைப்பு ஊசிகள் பற்றிய பேச்சு சூடாகிவிட்டது. செமாக்ளூடைட், டிர்செபடைட் போன்றவை குடல் ஹார்மோன்களைப் போல நடித்து, மூளையிடம் ‘போதும்’ என்று சொல்பவை. லெப்டினால் திறக்க முடியாத கதவை வேறு வழியில் தட்டுகின்றன. இதய நோய் உள்ள, சர்க்கரை நோய் இல்லாத 17,604 பேரிடம் நடந்த ஆய்வில் செமாக்ளூடைட், மாரடைப்பு, பக்கவாதம் போன்ற ஆபத்தை 20 சதவீதம் குறைத்தது என்று 2023-ல் தெரிந்தது. இந்தப் பலன் முழுவதும் எடை குறைந்ததால் மட்டும் வந்ததாகத் தெரியவில்லை. அழற்சி தணிவதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள்.

ஆகவே தேவைப்படுபவர் ஊசி போட்டுக்கொண்டால், ‘குறுக்கு வழி’ என்று கேலி பேச யாருக்கும் உரிமை இல்லை. ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவரை யாரும் அப்படிக் கேட்பதில்லையே! அதே நேரம், ஊசியை நிறுத்தியவர்கள் ஒரே ஆண்டில் குறைத்த எடையில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பப் பெற்றதும் ஆய்வில் தெரிந்த உண்மை. கொழுப்போடு தசையும் சேர்ந்து கரையும். கல்யாணத்துக்கு முன் இரண்டு மாதம் போட்டுக்கொள்ளலாம் என்று டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்குவது பணத்துக்கும் கேடு, உடம்புக்கும் கேடு. ‘தொப்பை கரைக்கும் டீடாக்ஸ் டீ’, ‘எதிர்ப்பு சக்தி பூஸ்டர்’ என்று ரீல்ஸில் விற்பவர்களைப் பற்றித் தனியாகச் சொல்லவே வேண்டாம். தணலால் தவிக்கும் உடம்புக்குத் தேவை எதிர்ப்பு சக்தியை இன்னும் உசுப்பிவிடுவதல்ல, அமைதிப்படுத்துவது.

ஒரு டேப் போதும்

2025 ஜனவரியில் ‘லான்செட்’ அமைத்த நிபுணர் குழுவும், பி.எம்.ஐ.யை மட்டும் வைத்து உடல் பருமனை முடிவு செய்யாதீர்கள். இடுப்புச் சுற்றளவு போன்ற அளவையும் சேர்த்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டது. ஆயிரக்கணக்கில் பணம் வாங்கும் ‘மாஸ்டர் ஹெல்த் செக்-அப்’ பேக்கேஜ்களிலும், நிறுவனங்களின் ஆண்டுப் பரிசோதனைகளிலும் இதைக் கட்டாயமாக்க என்ன தடை? தையல்காரர் கழுத்தில் தொங்கும் டேப் போதுமே.

வீட்டிலேயே அளக்கலாம். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் முனைக்கும் நடுவில், மூச்சைச் சாதாரணமாக விட்ட பிறகு, வயிற்றை எக்காமல் அளக்க வேண்டும். இந்திய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது எல்லை. பேன்ட் சைஸை வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாந்துபோவீர்கள். தொப்பை வளர வளர பெல்ட் அதற்குக் கீழே இறங்கியிருக்கும். எல்லையைத் தாண்டினால் அடுத்த வேலை சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் பார்ப்பது. எடை நார்மலாக இருந்தாலும் சரி.

அடுத்த முறை பந்தியில் ஒருவரின் தட்டைப் பார்த்து, “வாயைக் கட்டுப்பா” என்று சொல்ல வாய் வரும்போது, அதற்குப் பதிலாகக் கேட்கக்கூடிய கேள்விகள் இருக்கின்றன. “ராத்திரி நல்லா தூங்குறியா? சாயந்திரம் ஒரு நடை போலாமா? இடுப்பளவு எடுத்துப் பாத்தியா?”

இந்த மூன்று கேள்விக்கும் குற்ற உணர்ச்சி இல்லாமல் பதில் சொல்ல முடியும். இளைக்க வைக்கும் வாய்ப்பும் இவற்றுக்குத்தான் அதிகம்.